ஸ்டொப் பலகையும் நாமும்: திருகோணமலையில் வாகனம் பழகுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லேர்னர்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு இடப்பக்கச் சீற்றில் இருந்து கார் பழக்குவது என் வேலை. உவர்மலை இறக்கம், உட்துறைமுக வீதி, அனுராதபுரச் சந்தி, நிலாவெளிப் பக்கம் என்று தினமும் இதே சுற்றுத்தான். ஒரே பதிலைத் தமிழிலும் என் அரைகுறைச் சிங்களத்திலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். பிள்ளைகள் கேட்டவை கொஞ்சம், பின்சீற்றில் துணைக்கு வந்த அம்மாமார் கேட்டவை கொஞ்சம், லீவுக்கு வந்த வெளிநாட்டுச் சொந்தங்கள் கேட்டவை மிச்சம்.

ஸ்டொப் பலகையைக் கண்டால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

சில்லு நிற்க வேண்டும். மெதுவாகப் போவது நிற்பதல்ல, நடை வேகத்தில் உருள்வதும் நிற்பதல்ல. நின்ற பிறகு, நீங்கள் ஏறப்போகும் வீதியில் போகிற எல்லாருக்கும் வழிவிட வேண்டும். லொறிக்கும் சைக்கிளுக்கும் நடந்து போகிற ஆச்சிக்கும் அதே மரியாதைதான். அந்த வீதி வெறுமையானதும் எடுக்கலாம். வீதி முதலே வெறுமையாக இருந்தாலும் நிற்பதை விட முடியாது.

எந்த இடத்தில் நிற்பது? எங்கள் ஒழுங்கை வாசலில் கோடே இல்லையே?

நிறுத்தற்கோடு இருந்தால் அதற்கு முன்னால், கோட்டை மிதிக்காமல். கோட்டுக்கு முன்பே மஞ்சள் கடவை வந்தால் கடவைக்கும் முன்னால். பூச்சு அழிந்து ஒன்றுமே தெரியாவிட்டால், பெரிய வீதியின் ஓரத்தைத் தொடாமல் நில்லுங்கள்.

அங்கே நின்றால் பக்கத்து மதில்தான் தெரிகிறது, வீதி தெரிவதில்லை என்பார்கள். உண்மை. அப்போது இரண்டு தரம் நிற்க வேண்டும். முதலில் சட்டத்துக்காகக் கோட்டில். பிறகு கிளச்சைப் பாதி விட்டு, ஆமை மாதிரி முன்னுக்கு வந்து, கண்ணுக்கு வீதி தெரிகிற இடத்தில் மறுபடியும். இரண்டாவது தரிப்புத்தான் உயிர் காக்கும், ஆனால் முதலாவதைத் தவறவிடுகிறவர் இரண்டாவதையும் தவறவிடுவார். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்கிறேன்.

எத்தனை செக்கன் நிற்க வேண்டும்?

பலகையில் செக்கன் எழுதியில்லை. மூன்று வரை எண்ணச் சொல்லிக்கொடுப்பது பழக்குகிறவர்களின் வழக்கம். நான் எண்ணச் சொல்வதில்லை. எண்ணச் சொன்னால் பிள்ளைகள் முன்னால் பார்த்துக்கொண்டு எண்ணுவார்கள், பக்கத்தில் பார்க்கமாட்டார்கள்.

என் அடையாளம் வேறு. வாகனம் உண்மையில் நின்றால் உடம்பு கொஞ்சம் முன்னுக்குப் போய், பிறகு பின்னுக்கு வந்து சீற்றில் சாயும். முதுகு சீற்றைத் தொட்டதா என்று மட்டும் கேட்பேன். தொடாவிட்டால் நீங்கள் நிற்கவில்லை, நின்றதாக நினைத்தீர்கள். தொட்ட பிறகு வலம் பாருங்கள், இடம் பாருங்கள், மறுபடி வலம் பாருங்கள். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிற நாடு. வீதிக்குள் மூக்கை நீட்டியதும் முதலில் இடிக்கக்கூடியது வலப்பக்கத்தில் இருந்து வருவதுதான், அதனால்தான் வலத்துக்கு இரண்டு பார்வை.

யாரும் வரவில்லை என்பது தூரத்திலேயே தெரிகிறதே, பிறகு ஏன் நிற்க வேண்டும்?

எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

காரின் முன் கண்ணாடிக்கு இரு பக்கமும் கூரையைத் தாங்குகிற தூண் இருக்கிறதல்லவா? கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால், உள்ளங்கை அகலமான அந்தத் தூண், தூரத்தில் வருகிற ஒரு மோட்டார் சைக்கிளை ஆளோடு முழுதாக மறைத்துவிடும். ஓடுகிற வாகனத்தில் தூணும் நகரும், சைக்கிள்காரரும் நகர்வார், ஏதோ ஒரு கட்டத்தில் வெளியே தெரிவார்தானே என்று நினைப்போம். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

இதை எனக்கு விளங்கப்படுத்தியது காரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், திருக்கடலூர்ப் பக்கம் வள்ளம் ஓட்டுகிற மாமா. கடலில் இன்னொரு வள்ளம் வரும்போது அது நம் வள்ளத்தின் எந்த இடத்துக்கு நேரே தெரிகிறது என்று பார்ப்பார்களாம். முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்துகொண்டே போனால் பயமில்லை. அதே இடத்தில் அசையாமல் நின்று, வர வரப் பெரிதாகிக்கொண்டு வந்தால், அதுதான் நம்மோடு மோதப்போகிற வள்ளம். சந்தியிலும் இதே கணக்குத்தான். நீங்கள் 10 கிலோமீற்றர் வேகத்தில் உருண்டால் செக்கனுக்கு மூன்று மீற்றர்கூட இல்லை. அவர் 40 இல் வந்தால் செக்கனுக்கு 11 மீற்றர். வேகம் வேறு வேறாக இருந்தாலும், இருவரும் ஒரே நேரத்தில் ஒரே புள்ளிக்கு வரப்போகிறீர்கள் என்றால் அவர் உங்கள் கண்ணுக்கு ஒரே கோணத்திலேயே இருப்பார். அந்தக் கோணத்தில் தூண் இருந்தால் கடைசி வரைக்கும் தூணுக்குப் பின்னாலேயே வருவார். மோதாத வாகனம் எல்லாம் கண்ணில் படும், மோதப்போவது மட்டும் ஒளிந்து வரும்!

நீங்கள் நின்ற கணத்தில் அந்தக் கோணம் உடைந்துவிடும். அவர் தூணைவிட்டு வெளியே வந்தே ஆகவேண்டும். கூடவே இன்னொன்று: ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குக் கண்ணை வெட்டித் திருப்பும்போது, கண் பாய்கிற அந்தக் கணத்தில் மூளை படத்தை எடுப்பதில்லை. ஓடிக்கொண்டே அவசரமாக இரண்டு பக்கமும் பார்க்கிறவர் இடையில் இருந்த பாதி வீதியைப் பார்ப்பதே இல்லை. பார்த்தேன், ஒன்றும் வரவில்லை என்று விபத்துக்குப் பிறகு சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை.

நானும் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. பாலையூற்றுப் பக்கத்தில் ஓர் ஒழுங்கையில் இருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில், நிற்காமல் எட்டிப் பார்த்தபடியே வெளியே வந்தேன். சைக்கிள் கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர் என் முன்சில்லில் மோதி விழுந்தார். அவருக்கு முழங்கை உரசல், எனக்கு ஒன்றுமில்லை, ஒரு பெட்டி சூடை மீன் தாரில் கொட்டிக் கிடந்தது. அவர் ஏசவில்லை. குந்தியிருந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கினார், நானும் பொறுக்கினேன். காகம் எங்களைவிட வேகமாகப் பொறுக்கியது. தம்பி, நீ என்னைப் பாத்தியே, பிறகு ஏன் வந்தனி என்றார். நான் அவரைப் பார்க்கவேயில்லை.

ஸ்டொப் பலகைக்கும் வழிவிடு பலகைக்கும் என்ன வித்தியாசம்?

வழிவிடு பலகை தலைகீழ் முக்கோணம். அங்கே வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் நின்று, யாரும் இல்லாவிட்டால் நிற்காமலே போகலாம். ஸ்டொப் பலகை எண்கோணம், எப்படியும் நிற்கவேண்டும். வழிவிடு பலகை வைத்த இடத்தில் போய்க்கொண்டே பார்த்துத் தீர்மானிக்கும் அளவுக்கு வீதி தெரியும். ஸ்டொப் பலகை வைத்த இடத்தில் தெரியாது. பலகை உங்களை அதட்டவில்லை, இங்கே இருந்து பார்த்தால் தெரியாது தம்பி என்று இரகசியம் சொல்கிறது. அப்படி எடுத்துக்கொண்டால் கோபம் வராது.

ஏன் எட்டு மூலை? ஏன் சிவப்பு?

பலகை பிறந்தது அமெரிக்காவின் டிற்றொயிட் நகரில், 1915 இல். அப்போது அது வெள்ளைச் சதுரம், கறுப்பு எழுத்து. 1923 அளவில் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைக்காரர்கள் கூடி ஒரு கணக்குப் போட்டார்கள்: மூலை கூடக்கூட ஆபத்துக் கூட. ரயில் கடவைக்கு முடிவில்லாத மூலையுள்ள வட்டம், அதற்கு அடுத்தபடி சந்தியில் நிற்க எட்டு மூலை, எச்சரிக்கைக்குச் சாய்சதுரம். நம் ஊர் எச்சரிக்கைப் பலகைகள் இன்றும் மஞ்சள் சாய்சதுரமாக இருப்பது அதே குடும்பம் என்பதால்தான்.

சிவப்பு பிந்தித்தான் வந்தது. வெயிலில் மங்காத சிவப்புப் பூச்சு அந்தக் காலத்தில் இல்லாததால் 1924 இல் இருந்து மஞ்சளில் கறுப்பு எழுத்து. நிலைத்து நிற்கும் சிவப்பு கைக்கு வந்த பிறகு 1954 இல் சிவப்பில் வெள்ளை எழுத்து ஆனது. வீதிப் பலகைகள் பற்றிய 1968 ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் ஏற்றுக்கொண்ட ஸ்டொப் வடிவங்களில் இதுவும் ஒன்று. இங்கிலாந்து 1975 இல்தான் எண்கோணத்துக்கு மாறியது. ஜப்பான்காரர் இன்றும் சிவப்புத் தலைகீழ் முக்கோணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எட்டு மூலையின் பெரிய லாபம் பலருக்குத் தெரியாது. பலகையைப் பின்னால் இருந்து பார்த்தாலும் அது ஸ்டொப் என்று தெரியும். பெரிய வீதியில் போகிற நீங்கள், ஒழுங்கை வாசலில் எண்கோணத்தின் முதுகைக் கண்டால், அங்கே இருந்து வருபவர் நிற்கக் கடமைப்பட்டவர் என்று அறியலாம். நிற்பாரா என்பது வேறு கதை. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும், எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் அதே மூலைகள்தான் துணை. நம் ஊர் உப்புக் காற்றில் சிவப்பு வெளிறி, ஆணியில் இருந்து துரு வழிந்து எழுத்துக் கரைந்தாலும் மூலை கரையாது.

நில், நிறுத்து, நிறுத்தாதே, தரிக்காதே... எல்லாம் குழப்பமாக இருக்கிறதே?

வகுப்பில் சிரிப்பு வருகிற இடம். கிண்ணியாவில் இருந்து வருகிற ஒரு நானா, ஸ்டொப் பலகைக்குக் கீழே வேனை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனவரைப் பற்றிக் கதை சொல்வார். நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கு, நிறுத்தினேன் என்றாராம்.

ஸ்டொப் என்றால் நின்று, பார்த்து, போ. தரிப்பிடம் அல்ல. வட்டப் பலகையில் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் தரிக்காதே, அதாவது வாகனத்தை விட்டுவிட்டுப் போகாதே. இரண்டு கோடும் வெட்டினால் நிறுத்தவே நிறுத்தாதே, ஆளை இறக்கவும் கூடாது. பஸ் தரிப்பிடப் பலகை பஸ்ஸுக்கு.

பொலிஸ் யாரும் இல்லாத இடத்திலும் நிற்க வேண்டுமா?

ஓர் அம்மா பின்சீற்றில் இருந்து கேட்டது. உண்மையான சந்தேகமாகத்தான் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

என் வயதுக்காரருக்கும் அந்த அம்மாவின் வயதுக்காரருக்கும் நில் என்ற சொல் வேறோர் இடத்தில் பழகியது. யுத்த காலத்தில் இந்த நகரத்தில் வீதிக்கு வீதி சென்றி, அதாவது படையினரின் காவலரண். தார்ப்பீப்பாய் அடுக்கி, நடுவே ஒரு பலகை. தூரத்திலேயே சைக்கிளில் இருந்து இறங்கி, உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையை நீட்டி, அங்கே நிற்பவர் தலையாட்டினால்தான் ஏறவேண்டும். அந்தப் பலகைக்கு ஒருவரும் உருண்டு போகவில்லை. நாங்கள் நின்றது பலகைக்கு அல்ல, அதற்குப் பின்னால் நின்ற ஆளுக்கு. சென்றி போனதும் ஆளும் போனார். ஆளில்லாத பலகை நமக்கு வெறும் தகரமாகிவிட்டது. ட்ராபிக் பொலிஸைக் கண்டால் மட்டும் சந்தியில் எல்லோரும் நல்லபிள்ளை ஆவதும் அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் சந்தியில் உள்ள பலகை யாரையும் சோதிக்க வைத்ததில்லை. அதற்குப் பின்னால் ஆள் தேவையில்லை, வீதி இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பொலிஸ் உங்கள் லைசென்ஸைத்தான் பார்ப்பார் அம்மா, பஸ்ஸைப் பார்க்கவேண்டியது நீங்கள்.

நான் நிற்கும்போது பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிக்கிறாரே?

அடிக்கட்டும். கண்ணாடியில் பாருங்கள், கையை உயர்த்துங்கள், உங்கள் வேலையைச் செய்யுங்கள். ஆனால் திடீரென்று பிரேக்கைக் குத்தாதீர்கள். பலகை கண்ணில் பட்டதுமே பிரேக்கை மெல்லத் தொட்டு, பின்விளக்கு எரிந்து, அவருக்கும் சேதி போகட்டும். முதுகில் இடி வாங்கியவர்கள் பலர் சட்டப்படி நின்றவர்கள்தான், நிற்கப்போவதாக முன்கூட்டிச் சொல்லாதவர்கள்.

அவர் நின்று போய்விட்டார், நான் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போகலாமா?

கூடாது. அவருடைய தரிப்பு அவருக்கு, உங்களுடையது உங்களுக்கு. கோட்டுக்கு வந்து நீங்களும் நிற்க வேண்டும்.

சைக்கிள்காரரும் ஓட்டோவும் நிற்க வேண்டுமா?

ஆம், எல்லோரும்.

கனடாவில் நான்கு பக்கமும் ஸ்டொப் இருக்கும், முதலில் வந்தவர் முதலில் போவார். இங்கேயும் அப்படியா?

ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான் ஒருவர் இதை நம்பி மட்டிக்களிப் பக்கத்துச் சந்தியில் நின்று, நான் முதலில் வந்தேன் என்று எடுத்தார். மற்றவர் நிற்கவே வரவில்லை, பெரிய வீதியில் போய்க்கொண்டிருந்தார். மயிரிழையில் தப்பினார்.

அங்கே நான்கு பக்கமும் பலகை உள்ள சந்தியில் வந்த ஒழுங்கில் போவார்கள், ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கத்தவர் முதலில். இங்கே அப்படி ஒரு முறை கிடையாது. பலகை உள்ளவர் நிற்பார், பலகை இல்லாத வீதி ஓடும். எத்தனை மணிநேரம் முன்னால் வந்து நின்றாலும் முறை உங்களுக்கு வராது, இடைவெளிதான் வரும். சுற்றுவட்டத்தில் மட்டும் வலப்பக்கத்தில் இருந்து வருபவருக்கு வழி.

இன்னொன்றையும் அவர்கள் கேட்பார்கள். கனடாவில் மஞ்சள் பாடசாலைப் பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு சிறிய ஸ்டொப் பலகை விரியும், விளக்கு மினுங்கும், இரண்டு பக்கத்து வாகனமும் நிற்கும். இங்கே பாடசாலை வேன் நின்றால் யாரும் நிற்கமாட்டார்கள், அதனால் அங்கே பழகிய பிள்ளையைத் தனியே கடக்க விடாதீர்கள்.

பலகை ஒன்று சொல்ல, பொலிஸ் கை வேறொன்று சொன்னால்?

கை வெல்லும். சிவராத்திரியை அடுத்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். பலகை இல்லாத பெரிய வீதியை மறித்து நிறுத்துவார்கள், ஒழுங்கையில் நிற்கிறவரை வா என்பார்கள். அப்போது பலகையைக் காட்டி வாதாடக் கூடாது. பாடசாலை வாசலில் கைப்பலகை பிடித்துப் பிள்ளைகளைக் கடக்கவிடுகிறவர்களுக்கும் அப்படியே நில்லுங்கள், கடைசிப் பிள்ளை ஓரத்துக்குப் போய் ஏறும்வரை.

ரயில் கடவையில்?

கல்லோயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக வருகிற நம் பாதையில் வண்டிகள் குறைவு. அதுதான் ஆபத்து. இந்த நேரத்துக்கு ரயில் இல்லையே என்று நேரசூசி மனப்பாடமாகத் தெரிந்தவர்தான் நிற்காமல் போவார். பிந்தி வருகிற வண்டியும், வெறும் எஞ்சினும், தண்டவாளம் பார்க்கிற தள்ளுவண்டியும் நேரசூசியில் இல்லை. ஓடுகிற ரயில் நிற்கப் பல நூறு மீற்றர் வேண்டும், சாரதி உங்களைக் கண்டாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

கேற் இல்லாத கடவையில் முழுதாக நின்று, பாட்டை நிறுத்தி, பக்கக் கண்ணாடியை இறக்குங்கள். காது முதலில் கேட்கும். முதல் கியரிலேயே கடந்து முடியுங்கள், தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாதீர்கள். முன்னால் வாகனம் தேங்கி நின்றால், அப்பக்கத்தில் உங்கள் வாகனத்துக்கு இடம் உண்டாகும்வரை இப்பக்கத்திலேயே இருங்கள்.

தண்டம் எப்படி?

வீதிச் சமிக்ஞையை மீறுவது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி குற்றம். அந்த இடத்திலேயே தண்டத்தாள் எழுதினால் 14 நாட்களுக்குள் தபாற்கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசென்ஸைத் திருப்பி எடுக்கலாம். பிந்தினால் இரட்டிப்பு, அதற்கும் பிந்தினால் நீதிமன்றம். இணையத்தில் கட்டும் வசதியும் இப்போது வந்திருக்கிறது. விபத்து என்றால் பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

மான்கள் எந்தப் பலகைக்கும் நிற்பதில்லையே?

நிற்காது. பிரெட்றிக் கோட்டையில் இருந்து இறங்கி வந்து பஸ் நிலையப் பக்கம் குப்பை மேய்கிற புள்ளிமான்கள் இந்த ஊரின் பழைய குடிகள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹோர்ன் அடித்தால் விளக்கைப் பார்த்தபடி நடுவீதியிலேயே உறைந்துவிடும். பெரிய விளக்கைச் சின்னதாக்கி, நின்று, போக விடுங்கள்.

எங்கள் சந்தியில் பலகை வளைந்து, செடி மூடிக் கிடக்கிறது. யாரிடம் சொல்வது?

வீதி யாருடையது என்பதைப் பொறுத்தது. ஏ, பீ எழுத்துள்ள பெரிய வீதிகள், உதாரணமாகக் கண்டிப் பக்கம் போகிற ஏ6, அனுராதபுரம் போகிற ஏ12, மட்டக்களப்புப் போகிற ஏ15, இவை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சீ, டீ வீதிகள் மாகாணத்துக்கு. ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்துக்கு. ஒரு படம் எடுத்து, பக்கத்துக் கடையின் அடையாளம் சொல்லி, எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் வாசலோடு போய்விடும்.

செடி மூடியதற்குக் கடிதம் தேவையில்லை. உவர்மலையில் நான் பழக்குகிற ஒழுங்கை ஒன்றில் செவ்வரத்தை வேலி வளர்ந்து பலகையில் பாதி தெரியாமல் போனது. வீட்டு அன்ரியிடம் கேட்டேன், பூசைக்குப் பூ வேணும், அடியோடு வெட்டாதை என்று சொல்லிக் கத்தியைத் தந்தார். கீழ்க்கொப்புகளை மான்கள் முன்பே மொட்டையாக்கி வைத்திருந்தன. பலகை உயரத்துக்கு அவற்றின் கழுத்து எட்டாததால், மாதம் ஒருமுறை மேல்பாதிதான் என் வேலை.